ஆக்சிஜன் குறைந்தால் புற்றுக்கட்டி ஏன் வலுக்கிறது?

"புற்றுநோய் செல் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் உயிர் வாழாது. இதைக் கண்டுபிடித்தவருக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்." இப்படி ஒரு செய்தி பல வருடங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதன் கடைசியில் ஏதாவது ஒரு வைத்தியம் ஒட்டியிருக்கும். ஓசோன் ஏற்றிக்கொள்ளுங்கள், காரத்தன்மையுள்ள (அல்கலைன்) தண்ணீர் குடியுங்கள், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாகக் குடியுங்கள், மூச்சுப்பயிற்சி செய்தாலே போதும் என்று விதவிதமாக வரும். செல்கள் ஆக்சிஜனை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்தவர்களுக்கு 2019இல் உண்மையாகவே மருத்துவ நோபல் கிடைத்ததும், இந்தச் செய்தியை நம்புவதற்கு இன்னொரு காரணம் சேர்ந்துகொண்டது. சிகிச்சைக்குச் சேலம் போவதா, பெங்களூரு போவதா, கையில் இருக்கும் பணம் போதுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இதைப் படித்தால் குழம்பத்தான் செய்யும்.

புற்றுக்கட்டிக்கும் ஆக்சிஜனுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் அந்தச் செய்தி சொல்வதுபோல அது நேர்கோட்டில் போகும் தொடர்பு இல்லை. ஆக்சிஜன் பற்றாக்குறை கட்டிக்குள் இருக்கும் செல்களின் மரபணுக்களை வேறு விதமாக வேலை செய்ய வைக்கிறது. அதனால்தான் கட்டி பரவுகிறது, மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் அடங்காமல் நிற்கிறது. அதைச் சரிசெய்வதற்கான வழி மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ ஆக்சிஜனை ஏற்றுவதில் இல்லை. ஏன் என்று அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

ஆக்சிஜன் ஒரு செல்லுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். நுரையீரலில் அது ரத்தத்துக்குள் இறங்கி, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஒட்டிக்கொள்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லி ரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் உள்ள ஒருவரின் ரத்தம் சுமார் 20 மில்லி ஆக்சிஜனை எடுத்துப் போகிறது. ஹீமோகுளோபின் 8 கிராம் என்றால் அது 11 மில்லிகூடத் தேறாது. ஹீமோகுளோபினில் ஒட்டாமல் ரத்த நீரில் நேரடியாகக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வெறும் 0.3 மில்லிதான். இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது பலமுறை தேவைப்படும்.

ரத்தம் நுண்குழாய்களுக்கு வந்ததும், ஆக்சிஜன் குழாய்ச் சுவரைக் கடந்து பக்கத்துச் செல்களுக்குள் பரவுகிறது. போகும் வழியில் ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதால், 100 முதல் 200 மைக்ரான் தூரத்துக்குள் அது தீர்ந்துவிடும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது கால் மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் செல்லுக்குக்கூட ஆக்சிஜன் எட்டாது. குருத்தெலும்பு போன்ற சில திசுக்களைத் தவிர, உடலில் எந்தச் செல்லும் அவ்வளவு தள்ளிப்போய்விடாதபடி நுண்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன.

கட்டிக்குள் நடப்பது என்ன

புற்றுக்கட்டியில் செல்கள் பெருகும் வேகத்துக்கு ரத்தக்குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. 1955இல் தாம்லின்சன், கிரே என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றுக்கட்டிகளின் மெல்லிய வெட்டுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்து அளந்து பார்த்தார்கள். ரத்தக்குழாய்களை ஒட்டி உயிருள்ள செல்கள் இருந்தன. சுமார் 180 மைக்ரானுக்கு அப்பால் இருந்தவை செத்த செல்கள். ஏரி வாய்க்காலில் தலைமடைக்குப் பாயும் தண்ணீர் கடைமடைக்குப் போவதற்குள் வற்றிவிடுவது போன்ற நிலைமை.

செத்த செல்களால் நமக்குத் தொல்லை இல்லை. உயிருள்ள செல்களுக்கும் செத்தவற்றுக்கும் நடுவே ஒரு அடுக்கு இருக்கிறது. சாகாமல், ஆனால் மிகக் குறைந்த ஆக்சிஜனில் காலம் தள்ளும் செல்கள் அவை. இந்தக் கட்டுரை முழுக்க அவற்றைப் பற்றியதுதான்.

பற்றாக்குறை இரண்டு விதமாக வரும்.

1. நாள்பட்ட பற்றாக்குறை. குழாயிலிருந்து தூரமாக இருப்பதால் எப்போதும் இருப்பது.

2. விட்டுவிட்டு வரும் பற்றாக்குறை. கட்டிக்குள் முளைக்கும் ரத்தக்குழாய்கள் கோணலாகவும், ஒழுகுவதாகவும், சில இடங்களில் முட்டுச்சந்தாகவும் இருக்கும். அதனால் ரத்த ஓட்டம் சில நிமிடம் நின்று மறுபடி வரும், சில நேரம் மணிக்கணக்கில் நிற்கும். இப்படி மாறிமாறி வருவது நிலையான பற்றாக்குறையைவிடச் செல்களை அதிகம் முரடாக்குவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

1990களில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் ஹோக்கெல் குழுவினர், கருப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள பெண்களின் கட்டிக்குள் ஊசி போன்ற மின்முனையைச் செலுத்தி ஆக்சிஜன் அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். 10 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இருந்த கட்டிகளில் நோய் திரும்பி வருவது அதிகமாக இருந்தது. கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு அப்படி ஆவதற்குக் காரணம் முன்பே தெரியும், கீழே அதையும் விளக்கியிருக்கிறேன். ஆனால் அறுவை சிகிச்சையால் கட்டியை எடுத்தவர்களிடமும் அதே போக்கு தெரிந்தது. கத்தியால் வெட்டி எடுப்பதற்கு ஆக்சிஜன் எதற்கு? ஒன்றும் தேவையில்லை. அப்படியென்றால் பற்றாக்குறை கட்டியின் குணத்தையே மாற்றியிருக்கிறது என்றுதான் அர்த்தம். குணம் மாற வேண்டுமென்றால் மரபணுக்கள் வேலை செய்யும் விதம் மாற வேண்டும்.

மரபணு ஒழுங்குமுறை என்றால்

மனித உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. கண் செல்லும் கல்லீரல் செல்லும் வேறுவேறாக இருப்பதற்குக் காரணம், எந்தெந்த மரபணு வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதில் உள்ள வித்தியாசம். எது, எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் ஏற்பாட்டைத்தான் மரபணு ஒழுங்குமுறை என்கிறோம்.

அதில் முக்கியப் பங்கு சில புரதங்களுக்கு உண்டு. அவை டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடத்தில் போய் ஒட்டி, பக்கத்தில் உள்ள மரபணுவைப் படியெடுக்கச் செய்யும். இவற்றைப் படியெடுப்புக் காரணிகள் என்போம். ஒரே காரணி நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் இயக்க முடியும். ஆக்சிஜன் விஷயத்தில் அந்தக் காரணியின் பெயர் ஹிஃப். ஆக்சிஜன் குறையும்போது தூண்டப்படும் காரணி என்ற பொருளில் வைத்த ஆங்கிலப் பெயரின் சுருக்கம்.

ஹிஃப் கிடைத்த கதை

இது புற்றுநோய் ஆராய்ச்சியில் தொடங்கியதில்லை. உயரமான மலைப்பகுதிக்குப் போனால் உடலில் சிவப்பணுக்கள் கூடும். சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனை அதிகம் சுரப்பதுதான் காரணம். ஆக்சிஜன் குறைந்திருப்பது அந்த ஹார்மோனின் மரபணுவுக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்வியை அமெரிக்காவில் கிரெக் செமென்சாவும் இங்கிலாந்தில் பீட்டர் ராட்கிளிஃபும் தனித்தனியாக எடுத்துக்கொண்டார்கள். ஆக்சிஜனை உணரும் இந்த ஏற்பாடு சிறுநீரகத்தில் மட்டும் இல்லை, ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் இருக்கிறது என்பது தெரிந்தபோது விஷயம் பெரிதானது. 1992இல் செமென்சா குழு அந்த மரபணுவுக்கு அருகே போய் ஒட்டும் ஹிஃப் புரதத்தைக் கண்டது. 1995இல் அதைப் பிரித்தெடுத்து, ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு பகுதிகளால் ஆனது என்று காட்டியது. பீட்டா எப்போதும் இருக்கும். ஆல்ஃபா, ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும்.

யார் சிதைக்கிறார்கள்? பதில் வேறு திசையிலிருந்து வந்தது. வான் ஹிப்பல்–லிண்டாவ் என்றொரு அரிய பரம்பரை நோய் உண்டு. இந்தக் குடும்பங்களில் சிறுநீரகப் புற்றுநோயும், மூளையிலும் விழித்திரையிலும் ரத்தக்குழாய்க் கட்டிகளும் வரும். வில்லியம் கேலின் இந்த நோயை ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். வி.எச்.எல். என்ற மரபணு பழுதான செல்கள், ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் இல்லாததுபோலவே நடந்துகொண்டன. 1999இல் ராட்கிளிஃப் குழு, வி.எச்.எல். புரதம் ஹிஃப் ஆல்ஃபாவைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்புகிறது என்று காட்டியது. 2001இல் கேலின், ராட்கிளிஃப் குழுக்கள் இரண்டும் கடைசி முடிச்சையும் அவிழ்த்தன. வரிசையாகச் சொன்னால் இப்படி:

1. செல்லுக்குள் பி.எச்.டி. எனப்படும் நொதிகள் உள்ளன. இவை வேலை செய்ய ஆக்சிஜனும் இரும்பும் வேண்டும்.

2. ஆக்சிஜன் இருந்தால் இந்த நொதிகள் ஹிஃப் ஆல்ஃபாவின் இரண்டு புரோலின் அமினோ அமிலங்களில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கும்.

3. அந்த அடையாளம் உள்ள ஹிஃப் ஆல்ஃபாவை மட்டும் வி.எச்.எல். பிடிக்கும். பிடிபட்டது சிதைந்துபோகும்.

4. ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது. ஹிஃப் ஆல்ஃபா சேர்ந்துகொண்டே போய், பீட்டாவுடன் இணைந்து, செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை இயக்கத் தொடங்கும்.

இதற்காகத்தான் மூவருக்கும் 2019 நோபல். ஆக்சிஜன் புற்றுநோயைக் குணமாக்கும் என்று இவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

ஹிஃப் கட்டிக்கு என்ன செய்து கொடுக்கிறது

ஹிஃப் நமக்கு எதிரி இல்லை. காயம் ஆறவும், கருவில் குழந்தை வளரவும், ரத்தசோகையைச் சமாளிக்கவும் அது தேவை. புற்றுக்கட்டி அதே ஏற்பாட்டைத் தன் பிழைப்புக்கு எடுத்துக்கொள்கிறது.

1. புதிய ரத்தக்குழாய்கள். வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தின் மரபணுவை ஹிஃப் இயக்கும். அந்தப் புரதம் வெளியே போய் அருகிலுள்ள ரத்தக்குழாய்களைக் கிளைவிட வைக்கும். ஆனால் அவசரத்தில் முளைக்கும் இந்தக் குழாய்கள் ஒழுகுபவை, ஒழுங்கற்றவை. அதனால் பற்றாக்குறை தீர்வதில்லை. தீராததால் ஹிஃப் தொடர்ந்து வேலை செய்கிறது.

2. சர்க்கரையை எரிக்கும் விதம். குளுக்கோஸை உள்ளே இழுக்கும் புரதங்கள் கூடும். ஆக்சிஜன் இல்லாமலேயே சர்க்கரையைப் பாதியில் உடைத்து லாக்டிக் அமிலமாக்கும் பாதை முடுக்கப்படும். அமிலத்தைச் சமாளிக்கும் நொதிகளும் கூடவே வரும். கட்டியைச் சுற்றி அமிலத்தன்மை ஏறுகிறது. காரத் தண்ணீர்க்காரர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த அமிலம் கட்டி உண்டாக்கியது. குடிக்கும் தண்ணீரால் ரத்தத்தின் அமில-கார அளவே (பி.எச்.) மாறாது, நுரையீரலும் சிறுநீரகமும் அதை 7.35க்கும் 7.45க்கும் நடுவில் பிடித்து வைத்திருக்கின்றன.

3. பரவுதல். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பிடிப்பைத் தளர்த்தும் மரபணுக்களும், சுற்றியுள்ள திசுவைக் கெட்டியாக்கி வழி அமைக்கும் லாக்ஸ் போன்ற நொதிகளின் மரபணுக்களும் இயங்கத் தொடங்கும். மூச்சுத் திணறும் இடத்தை விட்டு நகர்ந்துபோகும் திறமையைச் செல் பெறுகிறது. ஹோக்கெல் பார்த்த அறுவை சிகிச்சை நோயாளிகளின் முடிவுக்கு இது ஒரு விளக்கம். வெட்டுவதற்கு முன்பே சில செல்கள் கிளம்பிப் போயிருக்கும்.

4. நோய் எதிர்ப்பிலிருந்து தப்பித்தல். பி.டி.எல்.1 என்ற புரதத்தை ஹிஃப் நேரடியாகக் கூட்டுகிறது. நோய் எதிர்ப்பு வேலையைச் செய்யும் டி செல்கள் அதைத் தொட்டால் தாக்குதலை நிறுத்திவிடும்.

5. வலியவை மட்டும் மிஞ்சுதல். கடுமையான பற்றாக்குறையில் சாதாரணச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பி53 என்ற காவல் மரபணு இதற்கு வேண்டும். அந்த மரபணு பழுதான செல் சாகாமல் நிற்கும். 1996இல் வெளிவந்த ஒரு ஆய்வு, பற்றாக்குறை உள்ள இடங்களில் இப்படிப்பட்ட செல்களே பெருகுவதைக் காட்டியது. புற்றுநோயின் போக்கைப் புரிந்துகொள்ள இந்தப் பட்டியலில் மிக முக்கியமானது இதுதான் என்பது என் கருத்து. மற்ற நான்கும் ஆக்சிஜன் திரும்பி வந்தால் அடங்கக்கூடியவை. இது அடங்காது, செல்களின் கூட்டமே மாறிப்போயிருக்கும்.

டி.என்.ஏ.வின் மேல் விழும் குறிகள்

ஹிஃப் மட்டுமே முழுக் கதை இல்லை. டி.என்.ஏ.வின் மேலும், அது சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேலும் சிறிய மீத்தைல் குறிகள் உண்டு. எந்த மரபணு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதை இவையும் தீர்மானிக்கின்றன. இந்தக் குறிகளை அழிக்கும் நொதிகளில் பலவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். 2016இல் வந்த ஓர் ஆய்வு, பற்றாக்குறை உள்ள கட்டிகளில் டி.என்.ஏ.வின் குறிகளை அழிக்கும் டெட் நொதிகள் மந்தமாகி, கட்டியை அடக்கும் மரபணுக்கள் மீத்தைல் குறிகளால் மூடப்படுவதைக் காட்டியது. 2019இல் ஹிஸ்டோன் குறிகளை அழிக்கும் இரண்டு நொதிகள், ஹிஃப் துணையில்லாமல் தாங்களே ஆக்சிஜன் அளவை உணர்கின்றன என்று தெரியவந்தது. இந்தக் குறிகள் செல் பிரியும்போது வாரிசுச் செல்களுக்கும் போகக்கூடியவை என்பதால், பற்றாக்குறையின் விளைவு அது தீர்ந்த பிறகும் நீடிக்க வழி இருக்கிறது.

சிகிச்சையில் என்ன ஆகிறது

முதலில் கதிர்வீச்சு. நம் ஊர்களில் "கரண்ட் வைப்பது" என்று சொல்லும் சிகிச்சை இதுதான், ஆனால் இதில் மின்சாரம் உடலுக்குள் பாய்வதில்லை. அதிக ஆற்றல் உள்ள கதிர்கள் செல்லுக்குள் போய், பெரும்பாலும் தண்ணீர் மூலக்கூறுகளை உடைத்து, அதிலிருந்து பிறக்கும் தீவிர மூலக்கூறுகள் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகின்றன. அந்தச் சேதத்தின் மேல் அந்த நொடியிலேயே ஆக்சிஜன் வந்து சேர்ந்தால் சேதம் நிலைத்துவிடும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் செல் அதைச் சரிசெய்துகொள்ளும். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல, இருக்கும் செல்லுக்குத் தேவையானதைப்போல 2.5 முதல் 3 மடங்கு கதிர் வேண்டும். 1950களிலிருந்தே தெரிந்த உண்மை இது. மூன்று மடங்கு கதிரை நோயாளிக்குக் கொடுக்க முடியாது, சுற்றியுள்ள நல்ல திசு தாங்காது.

அப்படியானால் கதிர்வீச்சு எப்படிக் குணப்படுத்துகிறது? தினம் கொஞ்சமாகக் கொடுப்பதால். வழக்கமாக ஒரு நாளைக்கு சுமார் 2 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு), வாரத்துக்கு ஐந்து நாள். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு இது ஆறேழு வாரம் போகும். ஒவ்வொரு நாளும் ஆக்சிஜன் உள்ள செல்கள் முதலில் சாகின்றன. அவை எடுத்துக்கொண்டிருந்த ஆக்சிஜன் இப்போது உள்ளே இருக்கும் செல்களுக்குக் கிடைக்கிறது. கட்டி சுருங்கச் சுருங்கக் குழாய்க்கும் செல்லுக்கும் உள்ள தூரமும் குறைகிறது. நேற்று தப்பித்த செல் இன்று ஆக்சிஜன் பெற்று, நாளைய கதிருக்கு இரையாகும். சிகிச்சையை நாள் கணக்கில் நீட்டுவதற்குப் பின்னால் உள்ள காரணங்களில் இது முக்கியமானது.

அடுத்து கீமோ. மருந்தும் ரத்தம் வழியாகத்தான் வருகிறது, எனவே ஆக்சிஜன் எட்டாத இடத்துக்கு மருந்தும் சரியாக எட்டாது. பல கீமோ மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத்தான் கொல்லும். பற்றாக்குறையில் உள்ள செல்லோ பிரிவதைக் குறைத்துக்கொண்டு பதுங்கியிருக்கும். போதாததற்கு, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் புரதத்தின் மரபணுவையும் ஹிஃப் இயக்குகிறது.

ஆக்சிஜனைக் கூட்டிப் பார்த்த முயற்சிகள்

மருத்துவர்கள் இதைச் செய்து பார்க்காமல் இருந்ததில்லை. 1950களிலேயே லண்டனில் நோயாளிகளை உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்குள் வைத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். சில வகைக் கட்டிகளில் பலன் தெரிந்தது, ஆனால் தினமும் செய்ய முடியாத அளவுக்குச் சிரமம், பக்கவிளைவும் உண்டு. பிறகு ஆக்சிஜனைப்போலவே சேதத்தை நிலைக்கச் செய்யும் மருந்துகள் வந்தன. டென்மார்க்கில் நிமோரசோல் என்ற மாத்திரையைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்தபோது, தொண்டை, குரல்வளைப் புற்றுநோய் அந்த இடத்தில் அடங்கியவர்கள் 33 சதவீதத்திலிருந்து 49 சதவீதமாக உயர்ந்தார்கள். அங்கே இன்றும் அது வழக்கத்தில் உள்ளது, மற்ற நாடுகளில் பெரிதாகப் பரவவில்லை. பற்றாக்குறை உள்ள செல்லில் மட்டும் விஷமாக மாறும் டிரபசமின் என்ற மருந்து, ஆரம்பத்தில் பெரிய நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பெரிய ஆய்வில் தோற்றது.

எரித்ரோபாய்ட்டின் ஊசியின் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தசோகை இருந்தால் கதிர்வீச்சின் பலன் குறைகிறது என்றால், ஊசி போட்டு ஹீமோகுளோபினை ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமே? தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். 2003இல் வந்த முடிவு எல்லோரையும் அதிரவைத்தது. ஹீமோகுளோபின் ஏறியது, ஆனால் ஊசி போட்டவர்களுக்குத்தான் நோய் மோசமாகத் திரும்பியது. அதன் பிறகு இந்த ஊசியைப் புற்றுநோயில் பயன்படுத்துவதற்குக் கடும் எச்சரிக்கைகள் வந்தன. கோட்பாடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நோயாளிகளிடம் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட அழுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஹிஃப் பற்றிய அறிவு நேரடியாக மருந்தான இடம் சிறுநீரகப் புற்றுநோய். அதன் மிகப் பரவலான வகையில் பெரும்பாலும் வி.எச்.எல். மரபணு பழுதாகியிருக்கும், எனவே ஹிஃப் கட்டுக்கடங்காமல் சேரும். முதலில் ஹிஃப் உண்டாக்கும் வி.ஈ.ஜி.எஃப்.பைத் தடுக்கும் மருந்துகள் வந்தன. பெவாசிசுமாப் 2004இல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது, பிறகு சிறுநீரகத்துக்கும் வந்தது. அப்புறம், ஹிஃப் ஆல்ஃபாவின் ஒரு வகையான ஹிஃப் 2 ஆல்ஃபாவையே நேரடியாகத் தடுக்கும் பெல்சுடிஃபான் மாத்திரைக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதலில் வான் ஹிப்பல்–லிண்டாவ் நோய்க்கு, 2023 டிசம்பரில் முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு. இதன் முக்கியப் பக்கவிளைவு ரத்தசோகை. ஹிஃப் 2 தடைபட்டால் எரித்ரோபாய்ட்டின் குறையும், சிவப்பணு குறையும். மேலே படித்த கதை முழுவதும் இந்த ஒரு பக்கவிளைவில் தெரிகிறது.

எதிர்த் திசையில் வேலை செய்யும் மருந்தும் உண்டு. பி.எச்.டி. நொதிகளைத் தடுத்து ஹிஃபைக் கூட்டும் மாத்திரைகள் சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தசோகைக்குத் தரப்படுகின்றன. இந்தியாவில் டெசிடுஸ்டாட் 2022இல் அனுமதி பெற்றது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் புற்றுநோயும் இருந்தால், இந்த மாத்திரை சாப்பிடுவதைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம்

ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, கட்டிச் செல்கள் ஆக்சிஜன் இருந்தாலும் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகின்றன என்று 1920களில் கண்டார். அது உண்மை. அவர் 1931இல் நோபல் பெற்றதும் உண்மை. ஆனால் அந்தப் பரிசு செல்களின் சுவாச நொதியைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக, புற்றுநோய்க்காக இல்லை. ஆக்சிஜன் சுவாசம் கெடுவதுதான் புற்றுநோயின் மூலகாரணம் என்று அவர் பின்னாளில் அழுத்தமாகச் சொன்னார். அதை மரபணு ஆய்வுகள் ஏற்கவில்லை, மூலகாரணம் மரபணுப் பழுதுகளில் இருக்கிறது. ஆக்சிஜன் இருக்கும்போதே கட்டிச் செல்கள் அப்படி நடக்கின்றன என்பதுதான் வார்பர்க் கண்டது என்பதையும் கவனியுங்கள். "ஆக்சிஜனில் புற்றுநோய் வாழாது" என்ற வரியை அவருடைய கண்டுபிடிப்பே மறுக்கிறது.

இப்போது முன்பு சொன்ன கணக்கு. நல்ல நுரையீரல் உள்ளவரின் ஹீமோகுளோபின் சாதாரணக் காற்றிலேயே 97, 98 சதவீதம் நிரம்பிவிடுகிறது. சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தாலும், ரத்த நீரில் கரைவது 0.3 மில்லியிலிருந்து 2 மில்லி அளவுக்குத்தான் ஏறும். மூச்சுப்பயிற்சி மன அமைதிக்கும் தூக்கத்துக்கும் உதவலாம், செய்யட்டும். கட்டிக்குள் இருக்கும் பற்றாக்குறையை அது தீர்க்காது, ஏனென்றால் தட்டுப்பாடு நுரையீரலில் இல்லை, கட்டியின் கோணல் குழாய்களில் இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு குடிப்பது ஆபத்தானது. வாயும் வயிறும் புண்ணாகும், ரத்தக்குழாயில் வாயுக் குமிழ் அடைத்து உயிரே போயிருக்கிறது.

நம் மாவட்டங்களில் கவனிக்க வேண்டியவை

ஆய்வகத்தில் நடக்கும் பெரிய முயற்சிகள் ஒருபுறம் இருக்கட்டும். கட்டியின் ஆக்சிஜனைப் பாதிக்கும் மூன்று விஷயங்கள் நோயாளியும் குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து இன்றே கவனிக்கக்கூடியவை.

1. ரத்தசோகை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கருப்பை வாய்ப் புற்றுநோயில் ரத்தப்போக்கும் சேர்ந்தால் ஹீமோகுளோபின் 7, 8 என்று இறங்கி நிற்கும். "ராகிக் களி சாப்பிட்டால் ரத்தம் ஊறிவிடும்" என்று விட்டுவிடக் கூடாது. ராகி நல்ல உணவு, சுண்ணாம்புச் சத்து நிறைந்தது. இரும்பு 100 கிராமுக்கு 4 மில்லிகிராம் சொச்சம்தான், அதிலும் உடல் எடுத்துக்கொள்வது கொஞ்சம். புற்றுநோயால் உண்டாகும் அழற்சி, குடல் இரும்பை உறிஞ்சுவதையும் தடுக்கும், அதனால் மாத்திரை பலன் தராமல் நரம்பு வழி இரும்பு தேவைப்படலாம். கதிர்வீச்சுக் காலத்தில் ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுவது பல மையங்களில் வழக்கம். எண் என்ன என்று ஒவ்வொரு வாரமும் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

2. பீடி, சிகரெட். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் புகைப்பவரின் ஹீமோகுளோபினில் 5 முதல் 10 சதவீதம் இப்படி வீணாகும், மிச்சம் இருப்பதும் திசுக்களிடம் ஆக்சிஜனை எளிதில் விடாது. கதிர்வீச்சின்போது புகைப்பதை விடாத தொண்டைப் புற்றுநோயாளிகளுக்குப் பலன் குறைவதை 1993இலேயே காட்டியிருக்கிறார்கள். "வந்தது வந்துவிட்டது, இனி விட்டு என்ன ஆகப்போகிறது" என்பது தவறான கணக்கு. சிகிச்சை நடக்கும் அந்த ஆறேழு வாரத்தில் விட்டாலே வித்தியாசம் உண்டு.

3. நாள் தவறுவது. பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரைப் பக்கமிருந்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ வேலூருக்கோ தினம் போய்வருவது எவ்வளவு கஷ்டம் என்பது போனவர்களுக்குத் தெரியும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலும் இல்லை. வாய்ப்புண், செலவு, ஊர்ப் பண்டிகை, கூட வர ஆள் இல்லாதது என்று இடையில் நாள் விட்டுப்போகும். ஆனால் நாள்தோறும் ஆக்சிஜன் திரும்பி வருவதை வைத்துத்தான் இந்தச் சிகிச்சையே அமைந்திருக்கிறது. இடைவெளி விழுந்தால் மிஞ்சிய செல்கள் மறுபடி பெருகும். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் நோய் அடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். கருப்பை வாய்ப் புற்றுநோயில், உள்ளே வைக்கும் கதிர்வீச்சையும் சேர்த்து மொத்தத்தையும் 8 வாரத்துக்குள் முடிக்கப் பார்ப்பார்கள்.

எனவே சிகிச்சை தொடங்கும் முன்பே தங்கும் இடத்தைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். பல மையங்களுக்கு அருகே நோயாளிகள் தங்கக் குறைந்த செலவில் விடுதிகள் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சும் கீமோவும் அடங்கும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு நாள் தவறியே போனால், அதை ஈடுகட்ட முடியுமா என்று கேளுங்கள். சனிக்கிழமை வரச்சொல்லியோ, ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை கொடுத்தோ ஈடுகட்டும் வழக்கம் இருக்கிறது. ஆனால் விட்டுப்போனதை மறுநாளே சொன்னால்தான் அதற்கு ஏற்றபடி மருத்துவர் அட்டவணையை மாற்ற முடியும்.